தூக்குக் கயிறு கேட்கிறோம், தெருவிளக்கு கேட்டோமா?



எந்த ஊரிலாவது ஒரு பெண்ணுக்கோ, சின்னக் குழந்தைக்கோ கொடுமை நடந்தது என்று சேதி வந்தால், எங்கள் நாகலூர் குழாயடியில் அன்றைக்கே தீர்ப்பு எழுதி முடித்துவிடுவார்கள். "கோர்ட்டு என்ன கோர்ட்டு, நடு ரோட்டுல நிக்க வச்சு சுடணும்" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. "சுட்டா ஒரு நிமிஷத்துல போயிருவான், கையைக் காலை எடுக்கணும்" என்பார் எங்கள் சின்ன மாமியார். ரேஷன் கடை வரிசையிலும் இதே பேச்சுதான். டி.வி.யில் பேசுகிற பெரிய மனிதர்களும் கிட்டத்தட்ட இதையேதான் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர்களின் வயிற்றெரிச்சல் அது. தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தீர்ப்பில் எனக்குச் சம்மதம் இல்லை. ஏன் என்று எழுதுகிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

நான் பத்தாவது வரை படித்தவள். வயது 37. ஏற்காடு மலையில் பிறந்து, இதே மலையில் வாக்கப்பட்டவள். ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண், மூன்றாவது படிக்கிற ஒரு பையன். வீட்டுக்காரருக்கு காப்பி எஸ்டேட்டில் வேலை. நாங்கள் மலையாளி. (கேரளாவா என்று கேட்காதீர்கள்! சேர்வராயன் மலை, கல்ராயன் மலை, சித்தேரி மலை என்று இந்தப் பக்கத்து மலைகளில் காலங்காலமாக இருக்கிற பழங்குடி ஜனங்களுக்கு அதுதான் பேர்.) நான் சட்டம் படித்தவள் இல்லை. பேப்பர் படிப்பேன், படித்ததை மறக்க மாட்டேன், அவ்வளவுதான்.

2019 டிசம்பர் 6-ம் தேதி ஐதராபாத்தில் நாலு பேரை போலீசார் விடியற்காலையில் சுட்டுக் கொன்றார்கள். பெண் டாக்டர் ஒருவரைக் கெடுத்து எரித்த வழக்கில் பிடிபட்டவர்கள் அவர்கள். அன்றைக்கு நாடே கொண்டாடியது. போலீசார் மேல் பூ தூவினார்கள், பெண்கள் ராக்கி கட்டினார்கள். பிறகு உச்ச நீதிமன்றம் போட்ட சிர்புர்கர் கமிஷன் 2022-ல் என்ன சொன்னது தெரியுமா? கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடே சுட்டிருக்கிறார்கள் என்றது. நாலு பேரில் மூன்று பேர் சம்பவத்தின்போது 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. அந்த நாலு பேர்தான் குற்றவாளிகளா என்று எந்தக் கோர்ட்டும் விசாரித்துப் பார்க்கவே இல்லை. வேறு எவனாவது செய்திருந்தால்? அவன் இன்றைக்கும் நிம்மதியாகக் காப்பி குடித்துக் கொண்டிருப்பானே!

"சுடு" என்கிறோம். யாரிடம் சொல்கிறோம்? காக்கிச்சட்டையிடம். சமவெளியில் இருக்கிற சகோதரிகளுக்கு அதில் பயம் இல்லாமல் இருக்கலாம். எங்கள் ஜனத்துக்கு வாச்சாத்தி ஞாபகம் வரும்.

சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். வாச்சாத்தி, தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கம் சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கிற எங்கள் ஜனத்து ஊர். 1992 ஜூன் 20-ம் தேதி சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். ஊர் ஜனத்தை ஆலமரத்தடியில் கூட்டி அடித்தார்கள். 18 பெண்களைத் தனியாக ஏரிப் பக்கம் கொண்டுபோய் நாசம் செய்தார்கள். அதில் ஒருத்திக்கு 13 வயது. வீடுகளை இடித்து, தானியத்தைக் கொட்டி, கிணற்றையும் பாழாக்கினார்கள். அப்புறம் அதே பெண்களையும் குழந்தைகளையும், சந்தனக் கட்டை கடத்தியவர்கள் என்று சேலம் ஜெயிலில் கொண்டுவந்து அடைத்தார்கள்.

எனக்கு அப்போது நாலு வயசு. எங்கள் பெரியம்மாவைக் கட்டிக் கொடுத்தது சித்தேரி மலைப் பக்கம். அந்த வருஷம் முழுக்க அவர் அம்மா வீட்டுக்கே வரவில்லையாம். பஸ் ஏற பயம், காக்கி போட்ட கண்டக்டரைப் பார்த்தாலே பயம் என்று என் ஆயா சொல்லும்.

இதில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். அதே 1992-ல்தான் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தார்கள். பட்டணத்தில் பெண்களுக்கென்று ஸ்டேஷன். மலையடிவாரத்தில் பெண்கள் மேலேயே கை வைத்த இலாகா. இரண்டும் ஒரே சர்க்கார், ஒரே வருஷம்.

வாச்சாத்தி ஜனம் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்களும் துணைக்கு நின்றார்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தில் அதிகாரியாக இருந்த பாமதி என்கிற அம்மா நேரில் போய் விசாரித்து, நடந்தது உண்மை என்று எழுதினார். 1995-ல் ஐகோர்ட் உத்தரவால் சி.பி.ஐ. வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அத்தனை பேரும் அரசாங்க ஊழியர்கள்! தீர்ப்பு எப்போது வந்தது? 2011 செப்டம்பர் 29. பத்தொன்பது வருஷம் கழித்து. அதற்குள் 54 பேர் இயற்கையாகச் செத்தே போய்விட்டார்கள். மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. அவர்கள் அப்பீல் போனார்கள். அது முடிய இன்னும் பன்னிரண்டு வருஷம். 2023 செப்டம்பர் 29-ம் தேதிதான் சென்னை ஐகோர்ட்டில் நீதிபதி வேல்முருகன் அப்பீல்களைத் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் தர வேண்டும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்க வேண்டும் என்றார். கண்டும் காணாமல் இருந்த அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மேலும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார்.

1992-ல் 13 வயதாக இருந்த அந்தப் பெண்ணுக்கு 2023-ல் 44 வயது. சகோதரிகளே, இந்தக் கணக்கை ஒரு தடவை மனசில் போட்டுப் பாருங்கள்.

அந்த நீதிபதி செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் 2023 மார்ச்சில் அவரே நேராக வாச்சாத்திக்குப் போய், ஜனங்களைப் பார்த்து, அந்த ஏரியையும் பார்த்துவிட்டு வந்தார். முப்பது வருஷமாக அந்தப் பெண்கள் கோர்ட்டைத் தேடி நடந்தார்கள். ஒரு நாளாவது கோர்ட் அவர்களைத் தேடி நடந்ததே!

சட்டம் கடுமையாக வேண்டும் என்கிறோமே, ஏற்கெனவே இருக்கிற சட்டம் கொஞ்சமா? 1998-ல் சென்னையில் எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா ஈவ் டீசிங்கால் உயிரை விட்டபோது தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. 2012-ல் குழந்தைகளுக்காக போக்சோ வந்தது. அதே வருஷம் டிசம்பரில் டெல்லி பஸ் கொடுமை. 2013-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2018-ல் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தையைக் கெடுத்தால் தூக்கு வரை என்றார்கள். டெல்லி வழக்கில் நாலு பேரை 2020 மார்ச் 20-ல் தூக்கிலும் போட்டாயிற்று. அந்த வருஷமே செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்தில் ஹாத்ரஸ். 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே டூட்டியில் இருந்த பெண் டாக்டர். கயிற்றைப் பார்த்து பயப்படுகிறவன் எங்கே இருக்கிறான்? "நம்மளை யார் பிடிக்கப் போறா, அவ எங்க வெளிய சொல்லப் போறா" என்று நினைத்துத்தானே இவன்கள் செய்கிறான்கள். டெல்லி சம்பவத்துக்குப் பிறகு போட்ட நீதிபதி வர்மா கமிட்டிகூட கற்பழிப்புக்குத் தூக்கு வேண்டும் என்று சொல்லவில்லை. போலீசையும் கோர்ட்டையும் சரி செய்யுங்கள் என்றுதான் சொன்னது.

வீட்டில் நம் அனுபவமும் அதுதானே. பையன் தப்பு செய்தால் "உன்னைக் கொன்னுருவேன்" என்று தினம் மிரட்டுகிற அம்மாவுக்கு அவன் பயப்படமாட்டான். தப்பு செய்த அன்றைக்கே நிச்சயமாகக் கேட்கிற அம்மாவுக்குத்தான் பயப்படுவான்.

சீக்கிரம் நடக்காதா என்றால், நடந்திருக்கிறது! சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 டிசம்பர் 23-ம் தேதி ராத்திரி ஒரு மாணவிக்குக் கொடுமை நடந்தது. 2025 ஜூன் 2-ம் தேதி சென்னை மகளிர் நீதிமன்றம் குற்றவாளி ஞானசேகரனுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. குறைந்தது 30 வருஷம் வெளியே வர முடியாது. ஆறு மாசத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஏன் முடிந்தது? சட்டசபை முதல் டீக்கடை வரை எல்லோரும் அந்த வழக்கையே பார்த்துக் கொண்டிருந்தார்கள். ஐகோர்ட் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளை நியமித்து விசாரிக்க வைத்தது. பொள்ளாச்சி வழக்கு 2019-ல் ஆரம்பித்து 2025 மே 13-ல் கோவை மகளிர் நீதிமன்றத்தில் முடிந்தது. ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஜெயில். ஆறு வருஷம் அதிகம்தான். ஆனாலும் ஒரு சாட்சிகூட பிறழவில்லை. பெண்களின் பேரும் முகமும் வெளியே போகாமல் சாட்சி சொல்ல ஏற்பாடு செய்ததால்தான் அவர்கள் கடைசி வரை நின்றார்கள்.

பேர் என்றதும் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். இந்த இரண்டு வழக்கிலும் முதலில் பெண்ணின் அடையாளத்தை வெளியே விட்டது யார்? போலீஸ்தான்! பொள்ளாச்சியில் பத்திரிகைக்காரர்கள் முன்னால் அதிகாரி பேரைச் சொன்னார், அரசாங்க உத்தரவிலும் வந்தது. மதுரை ஐகோர்ட் 25 லட்சம் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. சென்னையில் எப்.ஐ.ஆர். காகிதமே இன்டர்நெட்டில் ஊர் சுற்றியது. அதற்கும் ஐகோர்ட் 25 லட்சம் இடைக்கால நிவாரணம் தரச் சொன்னது. கஷ்டப்பட்டு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஒரு பெண் ஸ்டேஷன் படி ஏறுகிறாள். நாலாம் நாள் அவள் பேர் தெருவில். இதைப் பார்த்த பிறகு எந்த அம்மா தன் பெண்ணை அழைத்துக்கொண்டு போவாள்? 2025 ஜனவரியில் நம் சட்டசபையில் தண்டனையை எல்லாம் கூட்டி மசோதா நிறைவேற்றினார்கள். நல்லது. தண்டனை கூடினால் மட்டும் அந்த அம்மாவுக்குப் படியேற தைரியம் வந்துவிடுமா?

இப்போது இன்னொரு பேச்சும் கிளம்பியிருக்கிறது. அமெரிக்காவில் இந்த மாதிரி குற்றவாளிகள் பேர், போட்டோ, விலாசத்தை எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறார்களாம். 1994-ல் நியூ ஜெர்சியில் எதிர்வீட்டில் குடியிருந்தவனால் மேகன் என்கிற ஏழு வயதுச் சிறுமி கொல்லப்பட்ட பிறகு, 1996-ல் அதற்காகவே நாடு முழுவதற்கும் சட்டம் போட்டார்கள். நம் நாட்டிலும் 2018 செப்டம்பரில் பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேடு தொடங்கினார்கள். ஆரம்பிக்கும்போதே 4 லட்சத்துக்கு மேல் பேர் அதில். ஆனால் போலீசார் மட்டும்தான் பார்க்க முடியும். அதை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும், அந்த வீட்டுக் கதவில் போர்டு மாட்ட வேண்டும் என்று படித்த பெண்களே கேட்கிறார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊர் மாதிரி ஊரில் மாட்டிப் பாருங்கள். மத்திய அரசு வருஷா வருஷம் வெளியிடுகிற குற்றப் புள்ளிவிவரத்தில், கற்பழிப்பு வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் பெண்ணுக்குத் தெரிந்த ஆள்தான் செய்திருக்கிறான். சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், வேலை கொடுத்தவன், கட்டிக்கொள்கிறேன் என்றவன். அவன் வீட்டுக் கதவில் போர்டு மாட்டினால், அந்த வீட்டுக் குழந்தை யார் என்று ஊருக்கே தெரிந்துபோகும். சித்தப்பன் பேர் போர்டில் வரும் என்றால், "குடும்ப மானம் போயிரும், வாயை மூடு" என்று அந்தக் குழந்தையைத்தான் பெரியவர்கள் அடக்குவார்கள். போலீஸ் கையில் இருக்கிற பதிவேட்டை ஒழுங்காகப் பயன்படுத்தட்டும். பள்ளிக்கூட வேன் டிரைவர், ஹாஸ்டல் வாட்ச்மேன், விளையாட்டு சொல்லித்தருகிறவர், எஸ்டேட் மேஸ்திரி, லாட்ஜ் வேலைக்காரன் என்று வேலைக்கு எடுக்கும்போது ஸ்டேஷனில் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கட்டும். எனக்கு அது போதும்.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் என்ன நடந்தது? தனியார் பள்ளி ஒன்றில் போலி என்.சி.சி. முகாம். என்.சி.சி.க்கும் அந்த முகாமுக்கும் சம்பந்தமே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு சிறுமியை நாசம் செய்தான், மற்ற பிள்ளைகளிடமும் தவறாக நடந்தான். யார் இவன், எங்கிருந்து வந்தான், அடையாள அட்டை எங்கே என்று முதல் நாளே ஒருவராவது கேட்டிருக்கலாமே! சொன்ன பிள்ளையிடமே "வெளியே சொல்லாதே" என்றதாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். போக்சோ சட்டப்படி தெரிந்தும் சொல்லாமல் மறைத்தால் அதுவும் குற்றம். வாத்தியாருக்கும் சரி, ஹெட்மாஸ்டருக்கும் சரி, நமக்கும் சரி.

இன்னும் சில விஷயம் நம் பெண்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும், அதுவும் யூனிபார்ம் போடாமல்; முடிந்தவரை பெண் அதிகாரிதான் வர வேண்டும். பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். எந்த ஸ்டேஷனில் கொடுத்தாலும் புகாரை வாங்கியே ஆகவேண்டும். "எங்க எல்லை இல்லம்மா" என்று திருப்பி அனுப்ப முடியாது. ஆஸ்பத்திரி, தனியாரானாலும், காசு வாங்காமல் முதலில் வைத்தியம் பார்க்க வேண்டும். போக்சோ வழக்கை முடிந்தவரை ஒரு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இதையெல்லாம் நான் எங்கள் குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டியபோது, "நெசமாவா? நம்ம வீட்டுக்கு போலீசு வருமா?" என்று ஒரு பாட்டி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை நான் குறை சொல்ல மாட்டேன்.

எங்கள் மலைக்கு வருகிறேன். சனி, ஞாயிறு, கோடை விழா நாட்கள் என்றால் ஏற்காடு முழுக்க வண்டி. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வருகிறவர்களில் நல்லவர்களும் உண்டு. பாட்டிலோடு வந்து எஸ்டேட் ரோட்டோரம் உட்காருகிறவர்களும் உண்டு. அந்த வழியாகத்தான் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு நடக்க வேண்டும். மழைக்காலத்தில் அஞ்சு மணிக்கே பனிமூட்டம், பத்தடி தூரத்தில் ஆள் தெரியாது. காட்டெருமை நிற்கிறதா, மனுஷன் நிற்கிறானா என்று புரியாது. (காட்டெருமை என்றால் விலகிப் போய்விடும்.) காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் வேலை முடிந்து பெண்கள் இருட்டில்தான் திரும்புகிறோம். எங்கள் தெரு முனையில் இருந்து பஸ் நிற்கிற இடம் வரை பாதி விளக்கு எரிவதில்லை. போன் எடுத்தால் டவர் கிடைக்காத வளைவுகள் எத்தனையோ. 181, 1098, 112 எல்லாம் மனப்பாடமாக இருந்து என்ன செய்ய?

ஒரு கொடுமை நடந்து வழக்கு என்று ஆகிவிட்டால், அப்புறம் சேலம். வாய்தாவுக்கு ஒரு தடவை போய் வந்தால் ஒரு நாள் கூலி போயிற்று, கூட வருகிற ஆளுக்கும் ஒரு நாள் கூலி போயிற்று. "வக்கீல் வரல, அடுத்த மாசம் வா" என்று அனுப்பினால் மறுபடியும் அதே செலவு. மூன்றாவது வாய்தாவில் எதிராளி வீட்டுக்காரர்கள் ஒரு தொகையோடு வந்து திண்ணையில் உட்காருவார்கள். ஊர்ப் பெரியவர்கள் "பொண்ணு எதிர்காலத்தைப் பாரும்மா" என்பார்கள். இப்படித்தான் வழக்கு செத்துப்போகிறது. குற்றவாளியை விடுவது எப்போதும் ஜட்ஜுதான் என்று நினைக்காதீர்கள். இந்தத் திண்ணையிலேயே பாதிப் பேர் விடுதலை ஆகிவிடுகிறார்கள்.

தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் எங்கள் மலைக்கும் வருவார்கள். ஏற்காடு பழங்குடியினர் தனித்தொகுதி; ஓட்டு முக்கியம். ஆட்சியில் இருக்கும்போது "இது தனிப்பட்ட சம்பவம்" என்பதும், எதிர்க்கட்சியாக இருக்கும்போது "சட்டம் ஒழுங்கு கெட்டுப்போச்சு" என்பதும் எல்லோருக்கும் வழக்கம். பொள்ளாச்சியின்போது ஒருவர் சொன்னதை அண்ணா பல்கலைக்கழகத்தின்போது மற்றவர் சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம். அவர்களிடம் "தூக்கில் போடு" என்று கேட்டால் ரொம்ப சந்தோஷமாகத் தலையாட்டுவார்கள். செலவில்லாத வாக்குறுதி அது! வாரத்தில் ஒரு நாளாவது பெண் போலீஸ் மலைக் கிராமங்களுக்கு வந்து உட்கார்ந்து புகார் வாங்கட்டும், சாட்சிக்குப் போகிற பெண்ணுக்கு பஸ் காசும் அன்றைய கூலியும் அன்றைக்கே கையில் கொடுக்கட்டும், ஐகோர்ட் நீதிபதி வாச்சாத்திக்குப் போன மாதிரி மலை மேலேயே மாசம் ஒரு நாள் விசாரணை நடக்கட்டும் என்று கேட்டுப் பாருங்கள். அப்போது தெரியும் யார் முகம் எப்படி மாறுகிறது என்று.

எங்கள் மகளிர் குழுவில் முதல் கட்டமாக விளக்கையும், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு ஒரு பஸ்ஸையும், வாரம் ஒரு நாள் பெண் போலீசையும் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். வருகிற அக்டோபர் 2 கிராமசபையில் தீர்மானமாகப் போட வைக்கப் போகிறோம். "சுடணும்" என்று சொன்ன பக்கத்து வீட்டு அக்காவும் கையெழுத்து போட்டார். சின்ன மாமியார் கைநாட்டு வைத்துவிட்டு, "விளக்கு வரட்டும், அப்புறம் அவன் கையைக் காலைப் பத்திப் பேசிக்கலாம்" என்றார். இதுவரை 41 பேர். மற்ற ஊர் சகோதரிகள் கிராமசபையில் இந்த மாதிரி தீர்மானம் போட்டு நடந்திருந்தால், எப்படி எழுதினீர்கள், யாரிடம் கொடுத்தீர்கள் என்று இந்தப் பக்கத்துக்கு எழுதுங்கள். எங்களுக்கு உதவியாக இருக்கும்.

- ஒரு வாசகி, நாகலூர், ஏற்காடு.